அக்கா வாழ்ந்தது பாதுக்கவில் அல்ல, படூக்காவில்

எங்கள் அக்காவின் மரண அறிவித்தலில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. "சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும், பாதுக்க, லண்டன் மிச்சம் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட" என்று அது வெளிவந்தது. லண்டன் இல்ஃபோர்டில் இருக்கும் எங்கள் அண்ணை தொலைபேசியில் சரியாகத்தான் சொன்னாராம். கேட்டு எழுதியவர், அப்படி ஓர் ஊர் இருக்க முடியாது என்று தாமாகவே தீர்மானித்து, கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பாதுக்கவாகத் திருத்திவிட்டார். பிறகென்ன, செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்ன கையோடு, அக்கா எந்தக் காலத்தில் பாதுக்கவில் இருந்தவர் என்று விசாரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர்களுக்கு அமெரிக்கப் புவியியல் விளக்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. ஆகவே இந்த நினைவு மலரில் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். தயவுசெய்து வாசியுங்கள், இனிமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

படூக்கா, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஓஹாயோ ஆற்றின் கரையில் இருக்கும் ஒரு சிறிய நகரம். டென்னசி என்ற இன்னோர் ஆறு அங்கேதான் ஓஹாயோவோடு கலக்கிறது. இவ்வளவும் போதும் என்று நான் நினைப்பேன். அக்காவுக்குப் போதாது. டென்னசி ஆறு கிழக்கே மலையில் தொடங்கி, தெற்கே அலபாமா வரைக்கும் போய், அங்கே மனம் மாறித் திரும்பி, வடக்கு நோக்கி ஓடிவந்து படூக்காவை அடைகிறது என்பதையும் சொல்லியே தீருவார். பிறந்தநாள் விழாக்களில் சொன்னார். கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபடி, முன்னுக்கு நின்றவருக்கும் பின்னுக்கு நின்றவருக்கும் சொன்னார். என் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களை இருத்திவைத்துச் சொன்னார். அந்தச் சம்பந்தம் சரிவந்தது நாங்கள் செய்த புண்ணியம்.

அக்கா எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்தார். கணிதத்தில் கெட்டிக்காரர். சிலகாலம் ஆசிரியையாகப் படிப்பித்தார். பிறகு வைத்தியரான அத்தானைக் கைப்பிடித்து அமெரிக்கா போனார். பெரிய நகரங்களில் அத்தானுக்கு இடம் கிடைக்கவில்லை. வைத்தியர் இல்லாத சிறிய ஊர்கள்தான் கூப்பிட்டன. அப்படித்தான் படூக்கா வாய்த்தது. தமிழ்க் குரலே இல்லை, கறிவேப்பிலை இல்லை, பிள்ளைச் செல்வமும் கிட்டவில்லை. இலங்கையில் சண்டை தொடங்கிய பிறகு, அப்பா காலமானபோது வந்து முகம் பார்க்கவும் அவரால் முடியவில்லை. இவற்றைப் பற்றி அக்கா எங்களிடம் முறைப்பட்டதே கிடையாது. முறைப்பட்டிருந்தால் எங்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். ஆற்றைப் பற்றிக் கதைக்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

அந்த ஊர்க் கதையை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அடுத்த வீட்டில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. 1937ஆம் ஆண்டு மாரியில் ஓஹாயோ பெருகிப் படூக்காவை மூடியபோது, அவர் சின்னப் பிள்ளையாம். வள்ளத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்களாம். ஊரே ஏறக்குறைய முழுவதுமாக வெளியேறியது. ஒரு பசுமாடு ஒரு வீட்டின் மேல்மாடியில் ஏறி நின்றதாம். அந்த மாட்டின் கதையை நான் எத்தனை தரம் கேட்டேன் என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வெள்ளம் வடிந்ததும் சனங்கள் திரும்பி வந்து, பிறகு நகரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு நீண்ட மதில் எழுப்பினார்கள். கரைக்குப் போய்வர மதிலில் வாசல்கள் உண்டு. ஆறு ஏறுகிறது என்றால் நகரசபை ஆட்கள் வந்து அந்த வாசல்களைத் தகடு பூட்டி அடைப்பார்கள். பின்னாளில் அந்த மதிலில் ஊரின் வரலாற்றைப் படம் படமாக வரைந்திருக்கிறார்கள். நீராவிப் படகுகள், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வந்து இறங்கிய பட்டாளம், ரயில் எஞ்சின் திருத்திய பட்டறைகள், அணுசக்திக்கு யுரேனியம் செறிவூட்டிய ஆலை என்று எல்லாம் அதில் உண்டு. அங்கே பார்த்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் அக்கா, வெளியூரிலிருந்து வருகிறவர்களை அந்த மதில் வழியே நடத்திக்கொண்டுபோய் விளக்கம் சொல்லும் தொண்டு செய்தார். கேட்க விரும்பி வந்தவர்களுக்குச் சொன்ன காலம் அது ஒன்றுதான்.

அத்தான் மறைந்ததும் நாங்கள்தான் அக்காவை லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற ஊருக்குக் கூப்பிட்டோம். தனிய இருக்க வேண்டாம் என்று அண்ணை கட்டாயப்படுத்தினார். அக்கா வந்தார். வந்து ஒரு கிழமைக்குள் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஓடும் வாண்டில் என்ற சின்ன ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு, இதற்கு எதற்காக ஒரு பெயர் வைத்தார்கள் என்று கேட்டார். தேம்ஸ் கடல் பெருக்குக்கு ஏற்ப மேலும் கீழுமாக ஓடுவதால் அதை நம்ப முடியாது என்றார். என் கணவர் நல்ல மனிதர். முதல் இரண்டு வருடமும் தலையாட்டிக் கேட்டார். பிறகு அக்கா கதையைத் தொடங்கினால் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகப் பழகிக்கொண்டார். எங்கள் வீட்டுக் குப்பை அந்நாட்களில் நேரம் தவறாமல் வெளியே போனது.

யாராவது "உங்கட ஊர் எது?" என்று கேட்டால், அக்கா சுன்னாகம் என்று சொன்னதே இல்லை. மிச்சம் என்றும் சொன்னதில்லை. இதில்தான் அண்ணைக்குக் கோபம். பிறந்த மண்ணை மறந்துவிட்டார் என்று அவர் எனக்குத் தொலைபேசி எடுத்துப் பொரிந்து தள்ளுவார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வசந்தத்தில் ஓஹாயோ ஆறு பெருகத் தொடங்கியது. அக்கா காலைத் தேநீரோடு ஆற்றின் மட்டத்தைத் தொலைபேசியில் பார்த்து எங்களுக்கு அறிவிப்பார். அப்போது அவருடைய இதயம் பலவீனமாகி, நீண்ட பயணம் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஒருநாள், தான் படூக்காவுக்குப் போகப்போவதாக அக்கா சொன்னார். வெள்ளம் வருகிறதென்று மற்றவர்கள் ஓடும் ஊருக்கு, ஏலாத மனிசி ஒருவர் லண்டனிலிருந்து போகிறேன் என்கிறார். அண்ணை இல்ஃபோர்டிலிருந்து வந்து இரண்டு மணித்தியாலம் சத்தம் போட்டார். வழியில் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று நானும் கேட்டேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வாறதெண்டால் வா. இல்லாட்டி நான் தனியப் போறன்."

போகாமல் என்ன செய்வது? நானும் கணவரும் கூடப் போனோம். சிகாகோவில் இறங்கி, பழக்கமில்லாமல் வீதியின் வலப்பக்கத்தால் என் கணவர் பயந்து பயந்து கார் ஓட்ட, அக்கா பின்னால் இருந்து, கடந்த ஆறு ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேர்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். காரில் குப்பைப் பை எடுத்துக்கொண்டு வெளியே போக வழியில்லை. படூக்காவுக்குள் நுழையும் பாலத்தில் ஓஹாயோவைக் கண்டோம். மண் நிறத்தில், மரங்களின் கழுத்து வரைக்கும் நின்றது.

அடுத்த வீட்டு அம்மா இப்போது இல்லை. அவருடைய மகள் எங்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். மறுநாள் காலை அக்காவை மதிலடிக்குக் கூட்டிப்போனோம். வாசல்கள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டிருந்தார்கள். ஆற்றங்கரைக்கு வந்தும் சீமெந்தும் தகடும்தான் தெரிந்தன. என் கணவருக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"ஆறு எங்கை?" என்று கேட்டார்.

"அங்காலை," என்றார் அக்கா.

"பாக்கேலாதோ?"

"ஏலாது. அதுக்குத்தானே மதில்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மதிலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் எங்களை இழுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று நடு வீதியில் வைத்துக் கேட்டேன். அக்கா ஓம் என்றார். ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, இரண்டு கையையும் அந்தத் தகட்டில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் மதிலுக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்:

"நீங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நேரம் நான் இஞ்சதான் நிண்டனான். உயிரோட இருக்கிறியளோ எண்டு தெரியாது. ஒரு போன் இல்லை. இந்த மதிலடியிலை நடப்பன். இந்த ஊர்ச் சனமும் முழுக்க வெளிக்கிட்டதுதான். ஆனா திரும்பி வந்திட்டுதுகள். அந்தக் கதையை எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் நடந்தனான்."

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழைக்குள் வெளியேறியபோது, அம்மாவோடும் கைக்குழந்தையோடும் அந்தக் கூட்டத்துக்குள் நானும் நடந்தேன். அது பற்றி அக்கா என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை; கேட்கவில்லையே என்ற குறை எனக்கு எப்போதும் இருந்தது. இத்தனை வருடமாக எங்கள் வீட்டு மேசையில் இருந்து, டென்னசி ஆற்றையும் மாட்டையும் பற்றிக் கதைத்த மனிசி, இந்த ஒரு விஷயத்தை நேராகச் சொல்லியிருந்தால் எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும். நான் அதைச் சொன்னேன். அக்கா என்னிடமிருந்து ஊன்றுகோலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உனக்குப் பசிக்கேல்லையே?" என்று கேட்டார். அவ்வளவுதான். அக்கா அப்படித்தான்.

நாங்கள் திரும்பும்வரை வாசல்கள் திறக்கவில்லை. ஆனால் தண்ணீர் மதிலைத் தாண்டவும் இல்லை. லண்டன் வந்து அக்கா இலையுதிர்காலம் வரைக்கும் நன்றாக இருந்தார். கடைசியாக வைத்தியசாலையில் கிடந்தபோது என்னிடம் ஆற்றின் மட்டம் கேட்டார். பார்த்துச் சொன்னேன், நல்லாய்க் குறைந்துவிட்டது என்று. "அப்ப சரி. நீ வீட்ட போய்ச் சாப்பிடு," என்றார். போனேன். நான் திரும்பி வரும்வரை அவர் பொறுக்கவில்லை. அதிலும் என் சொல் கேட்கவில்லை.

அக்காவை அன்போடு பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்து தந்த மிச்சம் அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்தும் தொலைபேசியிலும் துயரில் பங்கெடுத்த உறவினர் நண்பர்களுக்கும், படூக்காவில் தன் வீட்டு வாசலில் அக்காவுக்காக விளக்கு ஏற்றிவைத்த அந்த அடுத்த வீட்டுப் பெண்மணிக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டுள்ளது.

அக்காவின் அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்பது அண்ணையின் விருப்பம். அக்காவின் விருப்பம் இரண்டு ஆறும் சேரும் இடம். அது என்ன கங்கையா என்று அண்ணை கோபமாகக் கேட்டார். நான் பொறுமையாக இருத்திவைத்து, டென்னசி ஆறு தெற்கே போவதிலிருந்து தொடங்கி, வெள்ளம், வெளியேற்றம், சனங்கள் திரும்பியது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அண்ணை எழும்பிப் போகாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, "சரி, நானும் வாறன். ஆனா வழியிலை உந்தக் கதை ஒண்டும் சொல்லக்கூடாது," என்றார்.

அந்த உறுதியை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.