காதுக்கு எட்டிய பங்குனி

ரைஸ் மில்லில் மெஷின் பார்த்தவனுக்குக் காது ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் மெல்லிய சத்தங்கள் போகும். கொசு போகும், குக்கரின் ஆவி போகும், கொலுசு போகும். போனதே தெரியாது. இல்லாத சத்தத்தை யார் தேடுவார்கள்? கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள மில்களிலேயே என் காலம் கழிந்தது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது லாரி கேட்டது, காக்கை கேட்டது, முயன்றால் குயிலும் கேட்டது. மற்ற பறவைகள் எல்லாம் அலகைத் திறந்து மூடும் படங்களாக ஆகியிருந்தன.

எங்கள் வீடு ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. மாடியில் ஏறினால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டினோம். அந்த இடம் முழுக்க என் மனைவியுடையது. முருங்கை, செம்பருத்தி, நந்தியாவட்டை, நாலைந்து கத்திரிச் செடி. போர் மோட்டார் பக்கத்தில் பறவை எச்சத்தில் தானாக முளைத்த ஓர் அத்திக் கன்று. மதிலுக்கு அப்பால் காலி மனை, அதில் ஓர் அரசமரம். காலையில் நான் பேப்பர் படிப்பேன். அவள் தோட்டத்தில் இருப்பாள். அங்கே அவள் தண்ணீர் ஊற்றுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். எனக்குக் கேட்க வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்திச் சொல்லும் அளவுக்கு முக்கியமானவை ஒரு வீட்டில் எத்தனை இருக்கும்? சாப்பாடு ஆச்சு. கேஸ் வந்திருக்கு. கரண்ட் போச்சு. மீதியை அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்று நானும் எண்ணிவிட்டேன். வயதானால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மாசி கடைசியில் திருக்கோவிலூரிலிருந்து மகள் வந்தாள்.

"அப்பா, போன்ல நா இன்னா கேட்டாலும் 'நல்லா இருக்கேன்'னே சொல்றீங்க. பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு கேட்டா கூட நல்லா இருக்கேங்கிறீங்க. கிளம்புங்க."

கையோடு அழைத்துப் போய்க் காதைச் சோதிக்க வைத்து, காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போனாள்.

முதல் சில நாள் நரகம். டம்ளரைக் கீழே வைத்தால் மண்டைக்குள் மணி அடித்தது. பாலித்தீன் கவரை யாராவது பிரித்தால் ஓலைக் கூரை தீப்பிடித்த மாதிரி இருந்தது. என் செருப்புச் சத்தமே என்னைத் துரத்தியது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். மனைவி அந்த டப்பாவை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"தோட்டத்துல போட்டுக்கினு ஒக்காருங்க. அங்க பாத்திரமா உருளுது?" என்று கத்தினாள்.

சரி என்று பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அப்போது பங்குனி பிறந்திருந்தது. முருங்கை பூத்துக் கீழே தரை வெளுத்துக் கிடந்தது. மெஷினை மாட்டியதும் முதலில் ஓர் இரைச்சல், பிறகு அது அடங்கியது. எங்கேயோ இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. டொங்க், டொங்க், டொங்க். ஒரே சீராக, நிற்காமல்.

"பக்கத்து மனையில எவன் பைப்ப தட்டிக்கினு இருக்கான்? காலையிலயே ஆரம்பிச்சிட்டானா?" என்றேன்.

அவள் கையிலிருந்த தண்ணீர் டியூபைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பின் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது. அதில் நடுவில் ஒரு சின்ன விக்கல் வரும்.

"அது பைப்பு இல்லீங்க. குக்குறுவான். அரசமரத்துல பாருங்க, உச்சியில."

நான் பார்த்தேன். இலைதான் தெரிந்தது. அடுத்த நாளும் இலைதான் தெரிந்தது. பிறகு ஒரு காலையில் இலைகளில் ஒன்று தலையைத் திருப்பியது. உள்ளங்கையில் அடங்கும் பச்சைக் குருவி. நெற்றியில் குங்குமம் அப்பிய மாதிரி சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். வாயைத் திறக்காமலேயே தொண்டையை உப்பி உப்பி அந்தச் சத்தத்தைப் போட்டது. இவ்வளவு வருடமாக இந்த ஆள் இங்கே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான், நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பேப்பர் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. அப்போதெல்லாம் தோட்டத்தில் மட்டும்தான் மெஷின், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுவேன். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வந்தது. ஆண் சிட்டு வெயிலில் திரும்பும்போது கருநீலம் ஊதாவாக மாறும். அது ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து அலகால் கொத்திச் சண்டை போடும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டும். பஸ் ஸ்டாண்டில் இடம் பிடிக்கிறவர்கள் மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். விடிவதற்குச் சற்று முன் கேபிள் கம்பியில் ஒரு கறுப்பு வெள்ளைக் குண்டுக் கரிச்சான் உட்கார்ந்து பாடும். ஒருமுறை பாடியதை அது அப்படியே திரும்பப் பாடாது. அதைக் கேட்பதற்காகவே சீக்கிரம் எழுந்தேன்.

அப்படி ஒரு காலையில் முருங்கைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தேன். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. அத்திக் கன்றுக்கு முன்னால் நின்று அவள் யாருடனோ பேசினாள். போன் என்று நினைத்தேன். கையில் போன் இல்லை.

"வந்துட்டியா? இன்னிக்கு லேட்டு. இந்த வருஷமாவது கெட்டியா தைச்சியா? போன வருஷம் காத்துல பாதி கிழிஞ்சுபோச்சு."

அத்தியின் இரண்டு பெரிய இலைகளைச் சேர்த்துப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. அதனுடன்தான் பேச்சு. குருவி "டுவிட், டுவிட்" என்று தன் உடம்பைவிடப் பெரிய குரலில் பதில் சொன்னது. அவள் கத்திரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே தொடர்ந்தாள். முட்டி வலியைச் சொன்னாள். நேற்று மீந்த ரவையில் கிண்டிய உப்புமாவை நான் நன்றாக இருக்கிறதென்று சொன்னதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு, "எங்க அண்ணன் வூட்டுப் பொண்ணுக்கு வளைகாப்பாம். இவருகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். கத்திக் கத்திச் சொன்னா, கடைசியில எந்த அண்ணன்னு கேப்பாரு. அதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிப்பூடும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் பேச்சைக் குறைத்துக்கொள்ளவே இல்லை. பேச்சு வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது, அவ்வளவுதான்.

எழுந்து போகலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை. இருந்துவிட்டேன். மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் ஒளிந்திருக்க மனம் ஒப்பவில்லை. அதற்கடுத்த காலை அவள் குனிந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது, "குஞ்சு பொரிச்சிடுச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள்.

"நா பேசறத எத்தினி நாளா கேக்குறீங்க?"

"மூணு நாளா. வளைகாப்புக்குப் போவலாம். பெரிய அண்ணன்தானே?"

நான் இதைச் சந்தோஷமான செய்தியாகத்தான் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. டியூபைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் தோட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தண்ணீர் ஊற்றினாள், களை பிடுங்கினாள், பூப் பறித்தாள். கரிச்சான் பாடியது, குக்குறுவான் தட்டியது. எனக்கு மட்டும் தோட்டம் காலியாகத் தெரிந்தது. அவளிடம் கோபம் இல்லை; சாப்பாடு போட்டாள், அண்ணன் வீட்டுக்கு எந்தப் புடவை எடுக்கலாம் என்றுகூடக் கேட்டாள். ஆனால் காலையில் அவளுக்கென்று இருந்த ஏதோ ஒன்றில் நான் கால் வைத்துவிட்டேன் என்பது புரிந்தது. கேட்பது நல்லது என்று மட்டுமே நினைத்திருந்தேன். கேட்கப்படாமல் இருப்பதிலும் ஒரு சௌகரியம் உண்டு என்பது அதுவரை தோன்றவில்லை.

அதனால் ஒரு காலை மெஷினைக் கழற்றி, அவள் கண்ணில் படும்படி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உலகம் மறுபடி பஞ்சு வைத்த மாதிரி ஆனது. கரிச்சான் கம்பியில் உட்கார்ந்து அலகைத் திறந்து திறந்து மூடியது. தெரிந்த பாட்டு ஊமையாகப் போவது, தெரியாத பாட்டு கேட்காமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஜன்னலிலிருந்து மெஷினை எடுத்து முந்தானையில் துடைத்து, அவளே என் காதில் மாட்டினாள். கொஞ்சம் கோணலாகத்தான் மாட்டினாள்.

"குருவி பாக்க வந்துட்டு காத கழட்டி வெச்சா இன்னாத்த பாப்பீங்க?" கத்தாமல்தான் சொன்னாள். "எனக்கு வெக்கமா போச்சு, அவ்ளோதான். பைத்தியம்னு நெனச்சிருப்பீங்க."

"நா மில்லுல மெஷின்கிட்ட பேசினதே இல்லையா? பெல்ட்டு அறுந்தா கெட்ட வார்த்தையே பேசுவேன்."

அவள் சிரித்தாள். அந்த விக்கல் வந்தது.

பிறகு அவள் இன்னொரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாள். பேச்சு உடனே திரும்பவில்லை, மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் பறவைகளைப் பற்றி மட்டும் பேசினாள். எந்தச் சிட்டு ஆண், எது பெண். செம்போத்து ஏன் நத்தையைத் தேடி மதிலோரமாக நடக்கிறது. வேம்பு பூத்தால் தேனீ எந்தப் பக்கமிருந்து வரும். அப்புறம் முட்டி வலிக்கு வந்தாள். சில நாள் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு குருவியிடமே பேசுவாள். அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன். அது எனக்கல்ல என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சித்திரை தொடக்கத்தில் ஒரு மத்தியானம் தையல்சிட்டு இரண்டும் உயிர் போகிற மாதிரி கத்தின. வெளியே ஓடினோம். அத்திக் கன்றின் அடியில் பக்கத்து வீட்டுப் பூனை வயிற்றைத் தரையோடு அழுத்திக் காத்திருந்தது. மேலே கூட்டின் வாயில் ஒரு குஞ்சு பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தது. வாலே இல்லை. நான் துடைப்பத்தை எடுத்தேன். அவள் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் எட்டிக் கூப்பிட்டாள்.

"பாய், உங்க பூனைய புடிச்சுக்கினு போங்க! குருவிக் குஞ்சு எறங்குது!"

ஜவுளிக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். பூனையை அணைத்துத் தூக்கிக்கொண்டு, "எத்தினி குஞ்சுங்கண்ணே?" என்றார். காட்டினோம். "மாஷா அல்லா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ரெண்டு நாள் இதை ரூமில் போட்டு வைக்கிறேன் என்று தூக்கிப்போனார். பூனை அவர் தோளுக்கு மேலாக எங்களை முறைத்துக்கொண்டே போனது.

முதல் குஞ்சு கத்திரிச் செடியில் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இலையைப் பிடித்துத் தொங்கி, ஆடி, நிமிர்ந்து உட்கார்ந்தது. தாய் அதன் வாயில் ஒரு பச்சைப் புழுவைத் திணித்துவிட்டு முருங்கைக்குப் பறந்து அங்கிருந்து கூப்பிட்டது. குஞ்சும் கத்தியது. மெல்லிய, கம்பி மாதிரிக் குரல். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், கேட்கிறதா என்று. தலையாட்டினேன். மற்ற குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அதுவரை இருவரும் காபிகூடப் போடாமல் நின்றிருந்தோம்.

அடுத்த சில நாள் அவை முருங்கையிலும் நந்தியாவட்டையிலும் வரிசையாக உட்கார்ந்து தீனி கேட்டன. நாற்காலிகளை அவை போகிற பக்கமெல்லாம் நகர்த்திக்கொண்டோம். பிறகு குஞ்சுகளுக்கு வால் வளர்ந்தது. எது குஞ்சு, எது தாய் என்று எனக்கு அடையாளம் தெரியாமல் போனது. அவளைக் கேட்டேன். அவளும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தெரியலீங்க" என்றாள்.