உண்மையென்றே வைத்துக்கொண்டாலும்

"மனுவில் சொன்னதெல்லாம் உண்மையென்றே வைத்துக்கொள்வோம்" என்று முதலாளியின் வக்கீல் எழுந்து சொன்னபோது, தையல்காரருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்த முதலாளியின் கிடங்கில் வேலை பார்த்த ஒரே மகளைத் தீயில் பறிகொடுத்த மனிதர் அவர். தவறு தங்களுடையதுதான் என்று முதலாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வழக்கே. இதோ ஒப்புக்கொண்டுவிட்டார்களே என்று அந்த வக்கீலைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார், பாவம்.

அவருடைய வக்கீலம்மா அவரை வராந்தாவுக்கு அழைத்து வந்தார்.

"கும்பிடாதீங்கய்யா. அவங்க எதையும் ஒத்துக்கல. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்னாலும், அதுல முதலாளியோட தப்பு என்னன்னு கேக்கறாங்க. கேஸ் போடவே அடிப்படை இல்லைன்னு அர்த்தம், 'வழக்கெழு காரணம் இல்லை'ன்னு இதைச் சொல்வாங்க. தீப்பிடிச்சுது, பொண்ணு போயிட்டா. இது மட்டும் இருந்தா கேஸ் நிக்காது."

"எம் பொண்ணு செத்தது போதாதாம்மா?"

"போதாதுங்க." அந்தம்மா மனுவைப் பிரித்தார். "பின்கதவு இருந்துதே, அது வழியா ஏன் அவ வெளிய வரல? தெரிஞ்சா சொல்லுங்க. திருத்தி எழுத ஜட்ஜ் அனுமதி குடுப்பார்."

தெரியும். சரக்குத் திருட்டுப் போகிறது என்று பின்கதவைப் பூட்டச் சொன்னவர் முதலாளி. பூட்டியவன் அங்கே காவலாளியாக இருந்த மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவனே காலில் விழுந்து சொல்லி அழுதான். வாய்மொழி உத்தரவுதான், கேட்டால் முதலாளி கையை விரித்துவிடுவார், இவன் கம்பி எண்ணுவான். அதனால்தான் மனு எழுதும்போது தையல்காரர் கதவைப் பற்றி மூச்சு விடவில்லை. அதை விட்டால் வழக்கே நிற்காது என்று அவர் கண்டாரா என்ன?

திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் மனைவிக்கு மச்சினன் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். மகள் போனதிலிருந்து அவன் கையால் கொடுத்தால்தான் அவள் ஒரு வாய் சாப்பிடுகிறாள்.

உள்ளே நீதிபதி பொறுமையாகவே கேட்டார். "மனுவுல வேற ஏதாவது சேர்க்கணுமா?"

"இல்லைங்கய்யா. அவ்வளவுதான்."

வழக்கு தள்ளுபடியானது. வாசலில் மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "இப்படி வாயை மூடிக்கிட்டு நிக்கத்தான் வந்தீங்களா? பெத்த அப்பன்தானே நீங்க?"

மச்சினன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான்.

"மாமாவைத் திட்டாதக்கா" என்று தம்பி தேம்பினான்.

அவள் அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழாதடா. எம் பொண்ணுக்காக உருகறதுக்கு நீ ஒருத்தனாவது இருக்கியே."