தையல்காரர் தள்ளிய டாக்ஸி

அப்பா போன மாதம் இறந்தார். தையல்காரர். தெருவில் அவருக்குப் பெயர் "தள்ளு டெய்லர்". காரணம், அம்மா ஓட்டிய டாக்ஸி.

ஸ்டார்ட்டர் மோட்டாரில் பல் தேய்ந்துபோன பழைய கார். சாவியைத் திருப்பினால் இருமும், அவ்வளவுதான். காலையில் அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து பின்னால் நின்று தள்ளுவார். முக்குக் கடை வரை தள்ளினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் அம்மா நிறுத்த மாட்டாள். நிறுத்தினால் கதை கந்தல். கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டுவாள். அப்பா நடுத்தெருவில் மூச்சு வாங்கியபடி சிரிப்பார். அவர்கள் தினமும் விடைபெற்றது இப்படித்தான்.

"பொண்டாட்டிய இப்படித் தினமும் வெளிய தள்றீங்களே, நியாயமா?" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

"சாயங்காலம் தானா திரும்பி வந்துடறாளே, என்ன பண்றது?"

புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலில் நிரந்தரமாக ஒரு டாக்ஸி கேட்டார்கள். கிடைத்தால் அம்மா வெயிலில் சவாரிக்குக் காத்துக் கிடக்க வேண்டாம். ஒரே நிபந்தனை: மேனேஜர் கண்முன்னால் வண்டியை நிறுத்தி, திரும்பக் கிளப்பிக் காட்ட வேண்டும். எங்கள் வண்டியின் புகழ் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். புது ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டு, ஒன் டச் கருவியும் மாட்டினேன். சாவி கிடையாது. வெள்ளையாகத் தட்டையாக ஒரு டேக். அது டாஷ்போர்டுக்கு ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்துப் பட்டனைத் தொட்டால் போதும். ஓடத் தொடங்கிய பிறகு டேக் விலகினாலும் வண்டி ஓடும். ஆனால் நிறுத்திவிட்டால், டேக் இல்லாமல் கிளம்பாது.

அம்மா டேக்கைத் தையல் மேசையில் வைத்தாள். துணியில் கோடு போடும் சாக்பீஸ்களும் அங்கேதான் கிடந்தன. அதே நிறம், அதே அளவு.

தள்ள வேண்டியதில்லை என்று தெரிந்தும் காலையில் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். ஜன்னலில் குனிந்து, "எங்க, அழுத்து பார்க்கலாம்" என்றார். அம்மா அழுத்தினாள். உர்ர்ர்! மூவரும் கத்தினோம். அம்மா தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். நான் பின் சீட்டில்.

ஹோட்டல் வாசலில்தான் டாஷ்போர்டில் சிமிட்டிய சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

"அம்மா, டேக் எங்கே?"

"பர்ஸ்ல. பத்திரமா இருக்கு."

திறந்தேன். சாக்பீஸ்.

மேனேஜர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அம்மா இன்ஜினை நிறுத்தாமலே இறங்கி டிக்கியைத் திறந்து காட்டினாள். சீட் உறையைத் தடவச் சொன்னாள். வைப்பர் போட்டாள், வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"முதல்ல வண்டிய ஆஃப் பண்ணும்மா. நீ பேசறது ஒண்ணும் காதுல விழல."

"சத்தம் கேளுங்க சார். வீணை மாதிரி இல்ல?"

"ஆஃப் பண்ணு."

பண்ணினாள். அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

அங்கே கடையில் அப்பா ஒரு பல் டாக்டருக்குச் சட்டையைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைதான் தைத்திருந்தது. காலையில் மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருந்த சாக்பீஸால் தோளில் கோடு போட்டார், விழவில்லை. அழுத்தித் தேய்த்தார்.

"குத்துது டெய்லர்!"

அப்பா கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். "டாக்டர், ஸ்கூட்டர் எடுத்துட்டு வந்தீங்களா?"

ஒற்றைக் கைச் சட்டையோடு டாக்டர் ஓட்ட, பின்னால் நாடா பறக்க அப்பா. ஹோட்டலுக்குள் நுழைந்ததும் குதித்தார். டேக்கைச் சட்டைப் பையில் போட்டார். ஓடிப்போய் டிக்கியில் இரண்டு கையையும் வைத்தார். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

அது தூரம். கருவி எட்டாது.

"அப்பா, முன்னாடி! முன்னாடி வாங்க!"

முன்னாடி வந்தார். பானெட்டில் மார்பைக் கொடுத்து, வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளத் தயாரானார். பையிலிருந்த டேக் எட்ட அது போதும். அம்மா பட்டனைத் தொட்டாள். உர்ர்ர்!

மேனேஜர் அப்பாவையே பார்த்தார். "யாரும்மா இது?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

"அது சரி. எதுக்கு வண்டியக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறாரு?"

"பழக்கம் சார்" என்றார் அப்பா, எழுந்திருக்காமல்.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி நிறுத்திக் கிளப்பச் சொன்னார். அதற்குள் அப்பா டேக்கை அம்மா கையில் திணித்திருந்தார். நிறுத்தினாள், கிளப்பினாள். சொல்லாமலே இன்னும் இரண்டு தடவை. "போதும் தாயே, பேட்டரி தீர்ந்துடப் போகுது. உள்ள ரெண்டு பேர் ஸ்டேஷனுக்குக் காத்திருக்காங்க. கூட்டிட்டுப் போ."

அப்பா முன் சீட்டில் ஏறினார். வண்டி புறப்படும்போது அவர் உள்ளே இருந்தது அதுதான் முதல் தடவை. பின்னால் நானும் இரண்டு விருந்தினர்களும். அவர்களிடம் திரும்பித் திரும்பிச் சொன்னார்: "யாருமே தள்ளல, பாருங்க! தானா போகுது!" அவர்களும் என்னவென்று புரியாமலே சிரித்தார்கள்.

கேட்டைத் தாண்டியதும் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார். ஒற்றைக் கைச் சட்டையில் டாக்டர் கையாட்டிக்கொண்டு நின்றார்.

"பின்னாடி நிக்கறவன் இவ்ளோ சின்னதாவா தெரிவான்?" என்று கேட்டார்.

அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சின்னதா தெரிஞ்சதே இல்லை. கண்ணாடி முழுக்க நீங்கதான். தொப்பையோட."