மேல் வரிசை, கீழ் வரிசை

போன கிழமை என் வாழ்க்கையிலேயே மிக அழகான வரைபடத்தை வரைந்து முடித்தேன். கோடுகள் இம்மியும் பிசகாமல் பொருந்தின. நிறங்கள் கண்ணைப் பறித்தன. ஒரே ஒரு குறைதான்... படம் முழுக்கப் பிழை.

தெரணியகலை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வீட்டுப் படம் வரையும் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு என் மரியாதையே தனி. பென்சிலும் ஸ்கேலுமாக இருந்த காலத்தில் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். இப்போது அந்தப் பெட்டித் திரையில் கோடு ஓடுவதைப் பார்த்தால் பெரிய மனிதர்களே வாயை மூடிக்கொள்கிறார்கள்.

திங்கட்கிழமை, பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இரண்டு தாள்களோடு வந்தார். அங்கே பன்னிரண்டு குடும்பங்களுக்கு வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. லயத்து வரிசை அறையை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போவதென்றால் சும்மாவா?

ஒரு தாள் நில அளவையாளர் வரைந்தது. நடுவில் பாதை, பாதையின் மத்தியில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலி, இந்தப் பக்கம் ஆறு துண்டு, அந்தப் பக்கம் ஆறு துண்டு. எண்கள் மட்டும்தான், பெயர் கிடையாது. மற்றது சீஆர் கொப்பியில் கிழித்த தாள். குடும்பங்கள் கூடிப் பேசி, யாருக்கு எது என்று தாங்களே வரைந்தது. அதில் பெயர் இருந்தது, எண் இல்லை.

"ரெண்டையும் ஒன்னாக்கித் தாங்க தம்பி. புதன்கெழம ஆபீஸ்ல குடுக்கணும். குடுத்துட்டா அப்புறம் மாத்த ஏலாதாம்" என்றார் தலைவர்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். மேல் வரிசைதான் நல்ல இடமாம். கீழ் வரிசைக்குப் பின்னால் ஓடை, மழைக்குத் தண்ணீர் ஏறும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற லெட்சுமி அக்காவின் புருஷன், காலில் ரப்பர் கிளை விழுந்ததிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். த்ரீவீலர் வாசல் வரை போகிற மேல் வரிசை முதல் துண்டை அவர்களுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, கீழ் வரிசையின் கடைசித் துண்டைத் தலைவர் தானே எடுத்துக்கொண்டாராம். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு தலைவரா! டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு தாளையும் ஸ்கேன் பண்ணி, தனித்தனியாக வரைந்தேன். ஒன்றை மற்றதன் மேல் வைக்க, இரண்டிலும் இருக்கிற ஒரு புள்ளி வேண்டும். பீலி இருக்கிறதே! பீலியின் மேல் பீலியை வைத்தேன். பன்னிரண்டு கட்டமும் பன்னிரண்டு கட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தன. பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கல்யாணங்களில் கூட இவ்வளவு பொருத்தத்தை நான் கண்டதில்லை.

செவ்வாய் பின்னேரம் படத்தை நானே தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். பாராட்டை நேரில் வாங்க வேண்டாமா? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

லெட்சுமி அக்கா தாளைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார். "தம்பி, எங்க வீடு ஓடைக்கரையில நிக்குதே" என்றார்.

நான் அனுதாபத்தோடு சிரித்தேன். கம்ப்யூட்டர் பிழை விடாது என்று விளக்கமும் கொடுத்தேன். பிறகுதான் படத்தில் ஓடை எங்கே இருக்கிறதென்று பார்த்தேன்... சிரிப்பு நின்றுவிட்டது.

அளவையாளரின் தாளில் மேல் பக்கம் வடக்கு. ஓடை ஓடுவது வடக்கே. ஆகவே அவர் தாளில் ஓடை தலைமாட்டில் இருந்தது. தோட்டத்தில் யார் வடக்கைக் கண்டார்கள்? மேல போறோம், கீழ போறோம் – அங்கே மலைதான் திசை. அவர்கள் தாளின் மேல் பக்கம் மேடு. ஓடையை அவர்கள் வரையவே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஓடையை யாராவது வரைவார்களா? நானும் இப்படி ஒரு லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் டிப்ளோமா முடித்துவிட்டேனே... ஒரு படத்தை இன்னொன்றின் மேல் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன். மேல் வரிசை ஆறு குடும்பமும் கீழே. கீழ் வரிசை ஆறும் மேலே.

பிழையைச் சொன்னேன். வேடிக்கை அதற்குப் பிறகுதான். மேலே ஏறிய குடும்பங்கள் என்னை நம்ப மறுத்தன. கம்ப்யூட்டர் பிழை விடாது என்று நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். கீழே இறங்கியவர்களுக்கோ கம்ப்யூட்டர் மேல் இருந்த நம்பிக்கை அடியோடு போய்விட்டது. விஞ்ஞானத்தில் நமக்குள்ள நம்பிக்கை, நமக்கு எந்தத் துண்டு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது போலும்.

தலைவர்? அவர் மேல் வரிசை முதல் துண்டில் இருந்த தன் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "நாம யாரும் வேணும்னு செய்யலயே. மிஷினா பாத்துக் குடுத்திருக்கு. சரி, அப்படியே உட்டுருவோம்" என்றார்.

விடிந்தால் புதன்கிழமை. லெட்சுமி அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மிஷின் ஒங்ககிட்ட ஒன்னுமே கேக்கலயா தம்பி? அதுவாவா போட்டுக்கிச்சு?"

தலையாட்டியிருக்கலாம். பாதிப் பேர் என்னை வாழ்த்தியிருப்பார்கள். ஆனால் அது கேட்டதே, என்ன செய்ய? ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைக்கும்போது, எத்தனை பாகை திருப்பி வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். பக்கத்தில் பூச்சியம் என்று அதுவே போட்டும் வைத்திருக்கும். வழக்கம்போல வாசிக்காமலே எண்டரைத் தட்டியிருந்தேன்.

"கேட்டுச்சுங்க அக்கா. நான்தான் பாக்கல" என்றேன்.

"அப்ப மிஷின் ஒன்னும் குடுக்கல" என்றவர், தலைவரைப் பார்த்தார். "அந்த எடத்த எங்களுக்குக் குடுத்தது நீங்க. திருப்பி வேணும்னா ஒங்க வாயாலயே கேளுங்க, தலைவரே."

தலைவர் தாளைச் சுருட்டினார். விரித்தார். மறுபடியும் சுருட்டினார். கடைசியில் என்னிடம் நீட்டி, "காலையில கடைய நேரத்தோட தொறங்க தம்பி" என்றார்.

திறந்தேன். கம்ப்யூட்டர் கேட்ட கேள்வியை இந்தத் தடவை வாசித்து, நூற்று எண்பது என்று அடித்தேன். அரை நிமிட வேலை. லெட்சுமி அக்காவின் பெயர் மேல் வரிசை முதல் துண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே தலைவர் படத்தை ஆபீசில் கொடுத்துவிட்டார்.

இப்போது அவர் தோட்டமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் – ஓடைக்கரைத் துண்டை லெட்சுமிக்காகத் தானே விரும்பி எடுத்துக்கொண்டதாக. உண்மைதான். இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை.