மேடுபள்ளக்காரி

ஒட்டுக்கொக்கி செய்யும் அந்தக் கம்பெனியில் அவளை முகத்துக்கு நேரே ‘மேடம்’ என்பார்கள்; முதுகுக்குப் பின்னால் ‘மேடுபள்ளம்’ என்பார்கள். இரண்டையும் அவள் துச்சமாகத்தான் நினைத்தாள். ஆணி அடிக்காமல் சுவரில் ஒட்டிப் பொருள்களை மாட்டிக்கொள்ளும் கொக்கி அது. அதன் பின்புறத்து ரப்பர் பட்டை எந்தச் சுவரில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை.

வழுவழுப்பு என்று உலகத்தில் ஒன்று கிடையவே கிடையாது என்பது அவள் கட்சி. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சுவரை நெருங்கிப் பார்த்தால் அலை அலையாக இருக்கும். இன்னும் நெருங்கினால் அலையின்மேல் மேடு, மேட்டின்மேல் குருணை, குருணையின்மேல் அதைவிடப் பொடிசு. இரண்டு பரப்புகளை அழுத்தினால் உச்சிகள் மட்டும்தான் முட்டிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் வெறுங்காற்று. ஒவ்வொரு அளவிலும் தனியாக அளந்து, பெரியதைச் சிறியதோடு கோத்து, நிஜமாகத் தொடும் இடம் எவ்வளவு என்று சொல்லும் ஒரு கணக்கு மாதிரியை அவள் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மேலதிகாரி வேறு யாருமல்ல, சொந்த அக்காவின் புருஷன். அத்தான் வாய்ப்பந்தல் போடுவதில் சூரர். சட்டியில் ஒன்றும் இருக்காது. அகப்பை மட்டும் ஓயாமல் சுழலும்.

“என்னம்மா, ஒரு கணக்குக்கு இத்தனை நாளா?”

“பொடி மேடு வரைக்கும் போனா ஆகும் அத்தான்.”

“அந்தப் பொடியெல்லாம் யார் கண்ணுல படுது? தூக்கிக் கடாசு. சுவர் வழுவழுன்னு இருக்கறதா வெச்சுக்கோ. விடை சட்டுனு வந்துடும்ல?”

“வரும். தப்பா வரும்.”

“தப்போ சரியோ, வந்தாச் சரி.”

செவிடன் காதில் சங்கு ஊதினால் ஊதுகிறவளுக்குத்தான் மூச்சு வாங்கும். அவள் கம்ப்யூட்டர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அக்கா வீட்டுக் கூடத்துக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார்கள். அத்தான் ஒரு பெரிய கண்ணாடி வாங்கி, கம்பெனிக் கொக்கிகளிலேயே மாட்டி, உடன் வேலை செய்பவர்களை விருந்துக்கு அழைத்தார். அவள் முன்னதாகவே போய், கருவியால் சுவரை அளந்து கணக்குப் பார்த்தாள். விருந்து முடிவதற்குள் கண்ணாடி விழும் என்று வந்தது.

“அக்கா, யாரையும் அது பக்கத்துல உட்கார வைக்காதே. நிக்காது.”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி?”

விருந்தன்று அவள் கண்ணாடிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளூர ஆசையாகத்தான் காத்திருந்தாள். கண்ணாடி விழவில்லை. அத்தான் அதன் முன்னே நின்று தலையைக் கோதிவிட்டுக்கொண்டார்.

“எங்க வீட்டு விஞ்ஞானி இது விழும்னாங்க. விழுந்துச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். இந்த மனுஷன் வாயால் கேலி கேட்கும்படி ஆயிற்றே என்று அவள் குமைந்தாள். மறுவாரமும் கண்ணாடி அசையாமல் நின்றபோது தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தான் இல்லாத ஒரு பகலில் அக்கா வீட்டுக்குப் போனாள். சுவரை அழுத்திப் பார்த்தாள். நகம் உள்ளே இறங்கிற்று. பெயிண்ட் மேலே காய்ந்திருந்தது, உள்ளே இன்னும் மெத்தென்றிருந்தது. ரப்பர் அமுங்கியது போல அதுவும் அமுங்கி, பொடி மேடுகள் நசுங்கி, தொடும் இடம் அவள் கணக்கைவிடப் பன்மடங்காகிவிட்டது. மேட்டின் உயரத்தையெல்லாம் அளந்தவள், அது கல்லா களிமண்ணா என்று கேட்க மறந்திருந்தாள்.

அடுத்த ஆபீஸ் கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள்: “கண்ணாடி விஷயத்துல என் கணக்கு தப்பு. சுவரைக் கல்லுன்னு நினைச்சுட்டேன்.”

“நான் அப்பவே சொன்னேனே!” என்றார் அத்தான்.

“நீங்க சொன்னது வழுவழுப்பு. நான் சொல்றது மெதுமெதுப்பு. ரெண்டும் வேற.”

“எல்லாம் ஒண்ணுதாம்மா.”

“சரி அத்தான். ஆனா இப்போதைக்குக் கொக்கியைக் கழட்டாதீங்க. பெயிண்ட் அதைக் கவ்விக்கிட்டுக் காயுது. இழுத்தா சுவரும் சேர்ந்து வரும்.”

கேட்கிற ஜென்மமா அது? வெளிச்சம் போதவில்லை என்று கண்ணாடியை எதிர்ச் சுவருக்கு மாற்றப் போனார். கொக்கிகள் பெயிண்டோடும் பூச்சோடும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தன. பெயிண்டர் ஏமாற்றிவிட்டான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“குப்புற விழுந்தும் அவர் மீசைல மண் ஒட்டல. அது ஏன்னு எந்தக் கணக்காலயும் சொல்ல முடியாது” என்றாள் அவள் அக்காவிடம். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

ரப்பர், சுவர் என்று இரண்டு பக்கத்து மென்மையையும் சேர்த்து அவள் தன் கணக்கு மாதிரியைத் திருத்தினாள். பிறகு தானே கேட்டு, அதே கம்பெனியில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி செய்யும் பிரிவுக்கு மாறிப் போனாள். அதன் தலைவி முன்னாள் நர்ஸ். தோலைப் பற்றி இவள் பேச ஆரம்பித்ததுமே, “யாரோட தோல்? குழந்தையோடதா, கிழவரோடதா?” என்று தலைவி கேட்டாள். அந்தக் கட்டடத்தில் ஒரு கேள்வியை இவள் இளக்காரமில்லாமல் காதில் வாங்கியது அன்றுதான்.

சுருக்கம் விழுந்த மெல்லிய தோலில் பிளாஸ்திரி நின்று பிடிக்கவும் வேண்டும், பிரிக்கும்போது கிழிக்கவும் கூடாது. கல்லைவிட, பெயிண்டைவிடக் கஷ்டமான கணக்கு. அவள் சந்தோஷமாக உட்கார்ந்து போட ஆரம்பித்தாள். அத்தான்மேல் இருந்த இளப்பம் மட்டும் தினையளவும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை.