ஓரம் வெட்டாதவர்

"இந்தச் செருப்பு இருக்கட்டும்" என்கிறார், மூன்றாவது படத்தைத் திரையில் பெரிதாக்கியபடி. நசுங்கிய வண்டிக் கதவைப் படமெடுத்தபோது யாருடைய செருப்போ ஓரத்தில் விழுந்திருக்கிறது. வக்கீல் குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"அசிங்கமா இருக்கு சார், வெட்டிடுங்களேன்."

"கல்யாண ஆல்பம் வேணும்னா அடுத்த தெருவுக்குப் போங்க. இங்க நடந்தது நடந்தபடிதான்."

நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மேசையும் பிரிண்டரும் போட்டதுமே மூச்சுமுட்டுகிற அறை அவருடையது. விரிசல் விட்ட சுவர், எரிந்த மீட்டர், உடைந்த பல் என்று மக்கள் கொண்டுவரும் படங்களை நடந்த வரிசையில் அடுக்கி, எண் போட்டு, கீழே ஒரு வரி எழுதி, ஒரே கோப்பாக்கித் தருவது தொழில். அந்த வரியில் கண்ணீரும் கம்பலையும் இருக்காது. 'கோரமான விரிசல்' என்று எழுதச் சொன்னால் 'வடக்குச் சுவர், விரிசல், ஒரு முழ நீளம்' என்று எழுதுவார். "கோரமா இல்லையான்னு படிக்கிறவர் சொல்லட்டும். நமக்கென்ன அவசரம்?"

பாதிப் படத்தைக் கட்டைவிரல் மறைத்திருந்தாலும் படம் முழுசாகத்தான் போகும். வக்கீல்கள் அவருக்கு 'ஓரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் இதே மனிதர் எல்லாப் படத்தையும் ஒரே அளவில் நறுக்கி, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி அடுக்கியவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் தையற்கடைக்காரம்மா ஒருத்தி வந்தாள். மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து கடையே மிதந்திருந்தது. தைத்து முடித்த துணி, இரண்டு மெஷின், எல்லாம் போச்சு. கடைக்கு எடுத்திருந்த காப்பீடு முடிகிற வாரம் அது. பதினொரு படங்களின் மூலையிலும் மஞ்சள் எழுத்தில் தேதி இருந்தது. அவள் அதைக் கவனித்ததே இல்லை. பக்கம் லட்சணமாக வரட்டுமே என்று இவர் ஓரங்களை நறுக்கினார். தேதியும் சேர்ந்து போனது. அத்தோடு விட்டாரா? "எல்லாம் கோப்புல வந்தாச்சும்மா, போன்ல எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? அழிச்சிடுங்க" என்று புத்தி வேறு சொன்னார். தன் கணினியிலும் நறுக்கியதை மட்டுமே வைத்திருந்தார்.

சேதம் எந்தத் தேதியில் என்பதற்கு ஆதாரமில்லை என்று காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். கடிதத்தோடு வந்து நின்றாள். "என் போன் தேதியே போடலையாம்ணே."

உண்மை தொண்டைவரை வந்தது. "சில போன் அப்படித்தான்மா" என்று சொல்லிவிட்டார், பாவி மனுஷன். அந்த ஒரு வார்த்தைக்காக வெட்கப்படாமல் அவருக்கு ஒரு நாளும் போனதில்லை.

போன வாரம் அவள் மறுபடி வந்தாள். பக்கத்து மனையில் பள்ளம் தோண்டியதில் கடைச் சுவர் சாய்ந்திருக்கிறது. கணவர் வெளியிலேயே குடையோடு நின்றுகொண்டார்.

"அவர் உள்ள வரலியாம்மா?"

"வரமாட்டாருண்ணே. அந்த மட்டமான போன் அவர் வாங்கினதுதானே? நான் பேசாத பேச்சில்ல. அன்னிலேருந்து ஒரு பல்பு வாங்கணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவாரு. 'நான் தொட்டா விளங்காது'ம்பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. போனை மேசைமேல் தள்ளினாள். "இதுல என் விரல் விழுந்திருக்கு. அதை மட்டும் வெட்டிடுங்கண்ணே."

மவுஸிலிருந்து கையை எடுத்தார். கீழ் இழுப்பறையைத் திறந்து, ஆறு வருஷமாக அங்கேயே கிடக்கும் அந்தப் பதினொரு படக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க."

கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார். தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்து இவர் நின்றுகொண்டார்.

"நீங்க வாங்கின போன் தேதி போட்டுச்சுண்ணே. நல்லாவே போட்டுச்சு."

கோப்பை அவர் பக்கம் திருப்பி, முதல் படத்தின் நறுக்கிய மூலையில் ஆட்காட்டி விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.