வளராத முளைப்பாரி

எனக்கு முதல் அபின் உருண்டையைக் கொடுத்தது எங்கள் தெருவின் அன்புதான். மகள் பிறந்த பிறகு என் முதுகு விட்டுப்போனது. அந்த முதுகோடு பஞ்சாலையில் நாள் முழுக்க நின்று நூல் சுற்ற வேண்டும். "கடுகளவு போட்டுக்க ஆத்தா, வலியே தெரியாது" என்று ஆளாளுக்குத் தந்தார்கள். ஆலைச் சங்கு ஊதியதும் அழுகிற பிள்ளைக்கே அதைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற தெரு அது.

என்னால் விட முடியாமல் போனதும் அதே தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கள்ளுக்கடை வாசலில் கிடந்தால், பாவம், உழைத்த களைப்பு. நான் அடுப்படியில் சொக்கி உட்கார்ந்தால் குடும்பம் விளங்காது. அடேயப்பா, என்ன நியாயம்! ஒருநாள் அப்படி நான் சொக்கிக் கிடக்க, மகள் அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்த வீட்டுக்காரரின் அக்கா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆனையூருக்குக் கிளம்பிவிட்டார்.

"மாரியம்மன் பொங்கலுக்கு வாரேன். முளைப்பாரி போடு. நல்லா வளந்தா நீ அபினை விட்டுட்டேன்னு நம்புறேன். சூம்பிப் போச்சுன்னா பிள்ளையை மறந்துரு" என்றார்.

சுத்தமில்லாதவள் போட்ட முளை வளராது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். டாக்டர் எதற்கு? ஒரு சட்டி பயறு போதும்.

போட்டேன். அன்றே அபினையும் நிறுத்தினேன். வயிறு போனது, எலும்பெல்லாம் குடைந்தது, செத்துவிடலாம் என்றுகூட இருந்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் வந்தாள். ஆறுதல் சொல்லவா? "அபின்தின்னி, வாயைத் தொறடி!" என்று திட்டிக்கொண்டே கஞ்சி ஊற்றினாள். நான் நாறடித்த சேலையை அலசும்போதும் திட்டினாள். அந்தத் திட்டு நின்றால் எனக்குப் பயமாக இருக்கும்.

தெருவின் முளைப்பாரிச் சட்டிகளெல்லாம் கோயிலை ஒட்டிய இருட்டறையில் இருந்தன. நடுங்கும் கையோடு நான் தண்ணீரைக் கண்டபடி கொட்டியிருக்கிறேன். பொங்கலன்று காலையில் போய்ப் பார்த்தால் எல்லார் சட்டியிலும் முளைகள் நெடுநெடுவென்று நின்றன. என்னுடையது அழுகிக் கிடந்தது. அபினைத் தின்றுகொண்டே போட்டிருந்தால் கையும் நடுங்கியிருக்காது, பயிரும் வளர்ந்திருக்கும். என் மகள் போய்விட்டாள் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கூட வந்த எதிர்வீட்டு அக்கா, என் சட்டியில் கட்டியிருந்த அடையாளத் துணியை அவிழ்த்துத் தன் சட்டியில் கட்டினாள். தன் துணியை என் சட்டியில் கட்டினாள்.

"அக்கா, ஊரே உன்னைப் பேசுமே!"

"பேசட்டும். எங்கிட்ட இருந்து தூக்கிட்டுப் போக என்ன பிள்ளையா இருக்கு?"

மேளம் கிளம்பும் நேரத்தில் ஆனையூரிலிருந்து நாத்தனார் வந்தார். என் தலையிலிருந்த பச்சையைப் பார்த்ததும் கண் கலங்கி, மகளை என் இடுப்பில் வைத்தார். பிறகு அக்காவின் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"அவகூடச் சேராத. பிள்ளை இருக்கிற வீடு."

அந்த அழுகல் சட்டியைச் சுமந்துகொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாகக் குலவை போட்டபடி அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் நடக்க ஒருத்தியும் இல்லை. நான் நடையை எட்டிப் போட்டேன்.